பேரிகை பாறைக்கு வயசு 250 கோடி... ஆனா ஒரு மீன் படிமம் கூட ஏன் இல்லை? காணாமல் போன 40 கோடி ஆண்டுக் கதை

பேரிகை, பாகலூர், சூளகிரி பக்கம் போர்வெல் வண்டி வந்து நின்றால் ஊரே வேடிக்கை பார்க்கும். முதலில் செம்மண் வரும். அப்புறம் சுக்கான் மாதிரி உதிரும் பாறை. அதற்குக் கீழே போனால் சாம்பல் நிறத்தில் வெறும் பாறைப் பொடி. எத்தனை நூறு அடி இறக்கினாலும் அதே பொடிதான். ஒரு சிப்பி, ஒரு மீன் முள், ஒரு இலைத் தடம் கூட வராது.

"அரியலூர் பக்கம் தோண்டினா கடல் சிப்பி கிடைக்குது, நம்ம ஊர்ல மட்டும் ஏன் ஒண்ணும் இல்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். பூமியில் முதல் காடு முளைத்தது, கடலில் பெரும் பவளப்பாறைகள் எழுந்தது, மீன் கரையை நோக்கி நகர்ந்தது எல்லாம் நடந்தபோது பேரிகையின் பாறை ஏற்கனவே இருந்தது. ஆனால் அதில் எதுவுமே பதிவாகவில்லை. ஏன்? அதற்கும் இன்று போர்வெல்லில் தண்ணீர் வராததற்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

உயிரினங்கள் பல்கிப் பெருகிய ஒரு நீண்ட காலத்தைப் புவியியலாளர்கள் 'பேலியோசோயிக்' என்கிறார்கள். தமிழில் தொல்லுயிர் ஊழி. சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. இதன் நடுப்பகுதியில் வருபவை சிலூரியன், டெவோனியன் என்ற இரண்டு காலங்கள். சுமார் 44 கோடி முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை.

இந்த எண்கள் மண்டையில் ஏறாது. அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி வட்டாரப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அந்த 250 கோடியை ஒரே ஒரு வருடமாகச் சுருக்கினால், பாறை உருவானது ஜனவரி 1. சிலூரியன் காலம் தொடங்குவது அக்டோபர் 27 வாக்கில். டெவோனியன் முடிவது நவம்பர் 8 வாக்கில். டைனோசர்கள் அழிந்தது டிசம்பர் 22 வாக்கில். மனிதன் வந்தது டிசம்பர் 31 இரவு, கடைசி ஒரு மணி நேரத்தில்.

அதாவது தீபாவளி சமயத்து இரண்டு வாரம்தான் நம் கதை. அந்த இரண்டு வாரத்தில்தான் நிலம் பச்சையானது.

அப்போது பேரிகை எங்கே இருந்தது?

இன்றைக்கு பேரிகையில் இருந்து கொஞ்ச தூரம் போனால் கர்நாடகம், ஆந்திரம் இரண்டுமே வந்துவிடும். அன்றைக்கு எல்லை எதுவும் இல்லை. இந்தியாவே தனி நிலம் இல்லை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, மடகாஸ்கர், இந்தியா எல்லாம் ஒட்டிக்கொண்டு 'கோண்ட்வானா' என்ற ஒரே பெருங்கண்டமாக தெற்கு அரைக்கோளத்தில் கிடந்தன. அந்தப் பெயரே நம் நாட்டில் இருந்து போனதுதான். மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயர் அது.

குமரிக்கண்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோண்ட்வானா பிரிந்து பல கோடி ஆண்டுகள் கழித்துத்தான் மனிதன் வந்தான். அந்த நிலத்தில் நகரமும் இல்லை, மொழியும் இல்லை.

இந்தியாவின் வடக்கு விளிம்பு மட்டும் அப்போது கடலைப் பார்த்தபடி இருந்தது. பேரிகை, ஓசூர், பெங்களூரு எல்லாம் கடற்கரையில் இருந்து வெகுதூரம் உள்ளே இருந்த மேட்டு நிலம். இந்த 'உள்ளே' என்பதுதான் கதையின் திருப்பம்.

ஏன் இங்கே எதுவும் மிஞ்சவில்லை?

ஒரு மீன் செத்துப்போனால் அது கல்லாகிவிடாது. அதன் மேல் சீக்கிரமாகச் சேறும் மணலும் மூட வேண்டும். அடுக்கு மேல் அடுக்காகப் படிந்து, அழுத்தத்தில் இறுகிக் கல்லாக வேண்டும். இதற்குத் தாழ்வான இடம் வேண்டும். கடலடி, ஏரி, ஆற்றுப் படுகை, கழிமுகம் என மண் வந்து சேரும் இடங்களில்தான் புதைபடிவம் உருவாகும்.

மேட்டு நிலத்தில் நடப்பது நேர் எதிர். அங்கே மண் வந்து சேராது, அடித்துக்கொண்டு போகும். மழையும் காற்றும் பாறையைத் தேய்த்துப் பொடியாக்கி, ஆற்றோடு கடலுக்கு அனுப்பிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இந்த நிலம் இப்படித் தேய்ந்துகொண்டே இருந்தது. தென்னிந்தியாவில் மட்டும் அல்ல, தீபகற்ப இந்தியா முழுவதுமே சிலூரியன், டெவோனியன் காலக் கடல் படிவுகள் இல்லை. புத்தகத்தில் நடுப்பக்கங்களைக் கிழித்த மாதிரி ஒரு இடைவெளி. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் கொண்டுவந்து போட்ட படிவுகளும், அவற்றின் மேல் ஜாரியா, ராணிகஞ்ச் பகுதி நிலக்கரியாக மாறிய காட்டுப் படிவுகளும்தான் அந்தப் புத்தகத்தின் அடுத்த பக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. கிருஷ்ணகிரி வட்டாரப் பாறைகள் மேலே உருவானவையே அல்ல. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை. வெள்ளையும் கருப்பும் வரி வரியாக ஓடும் 'நைஸ்' பாறை இந்த வகை. பெங்களூரு லால்பாக்கில் எல்லோரும் ஏறி நின்று செல்ஃபி எடுக்கும் பெரிய பாறையும் இதே குடும்பம்தான். அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். தெற்கே போகப் போக 'சார்னோகைட்' என்ற கரும்பச்சை நிறப் பாறை வரும். சென்னை பரங்கிமலைப் பாறையும் அதுதான். இப்படி ஆழத்தில் வெந்த பாறை இன்று நம் காலடியில் தெரிகிறது என்றால், மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் தேய்ந்து போய்விட்டது என்று அர்த்தம்.

அப்படியானால் அந்தக் காலத்து இந்தியாவைப் பார்க்கவே முடியாதா? முடியும். தேய்ந்து போன நிலத்தில் தேடாமல், மண் சேர்ந்த கரையில் தேட வேண்டும்.

கரை இப்போது இமயமலையில் இருக்கிறது

கோண்ட்வானாவின் அந்த வடக்குக் கடற்கரை இன்று ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பகுதியில், கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. அங்கே பின் பள்ளத்தாக்கில் முத் என்று ஒரு சின்ன கிராமம். அதைச் சுற்றி உப்பைக் கொட்டி வைத்த மாதிரி வெள்ளைப் பாறை அடுக்குகள். புவியியலில் இதற்கு ஊர் பெயரையே வைத்து 'முத் குவார்ட்சைட்' என்கிறார்கள். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது கடற்கரை மணல். அலை அடித்து அடித்துச் சலித்த சுத்தமான வெள்ளை மணல்.

அந்த மணலில் யாரோ நடந்திருக்கிறார்கள். 2001-ல் வெளியான ஓர் ஆய்வு, முத் பாறைகளில் பல கால்கள் கொண்ட உயிரினங்களின் நடைத் தடங்களை விவரித்தது. கடல்தேள் எனப்படும் யூரிப்டெரிட் வகைகளும், மரவட்டை மாதிரியான உயிரினங்களும் விட்டுப்போன தடங்கள் அவை. கடலில் இருந்து கரைக்கு உயிர்கள் ஏறிவந்த காலத்தின் நேரடிச் சாட்சி. மெரினாவில் காலையில் நண்டு ஓடிய தடத்தைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த அலையில் அது அழிந்துவிடும். ஸ்பிட்டியில் அந்தத் தடம் 40 கோடி ஆண்டுகளாக அழியவில்லை.

முத் மணலுக்குக் கீழே இருக்கும் இன்னும் பழைய அடுக்குகள் சுண்ணாம்புக் கற்கள். அவற்றில் பவள உயிரிகளும் கடல் பாசிகளும் கட்டிய பவளப்பாறைகளின் மிச்சம் இருக்கிறது. அந்த அடுக்குகள் சிலூரியன் காலத்தை ஒட்டியவை. இந்தியாவின் நடுத் தொல்லுயிர் ஊழிப் பவளப்பாறையைப் பார்க்க ராமேஸ்வரம் போனால் பயன் இல்லை, இமயமலைதான் ஏற வேண்டும்!

அரியலூருக்கும் ஸ்பிட்டிக்கும் ஒரே பெயர்

இந்த முத் பாறையை 1860-களில் முதன்முதலில் விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். 1862-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அரியலூர், திருச்சி பகுதிகளில் கிடைத்த கடல் புதைபடிவங்களை ஒவ்வொன்றாக வகைப்படுத்திப் பெரிய தொகுதிகளாக வெளியிட்டவர் இவர்தான். இன்றும் அரியலூர் பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் அரியலூர் படிவுகள் கிரெட்டேசியஸ் காலத்தவை. சுமார் 10 கோடி ஆண்டுகள்தான் பழசு. முத் பாறை அதைப்போல நான்கு மடங்கு பழசு. இரண்டையும் படித்த ஸ்டோலிஸ்கா, 1874-ல் லடாக்கில் மலைப் பயணத்தின்போது 36 வயதில் இறந்தார். லே நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

கடலுக்குள் என்ன நடந்தது?

டெவோனியன் காலத்தை 'மீன்களின் காலம்' என்பார்கள். தாடை உள்ள மீன்கள் பெருகியது அப்போதுதான். தலையில் எலும்புக் கவசம் போட்ட மீன்கள், ஆரம்பகாலச் சுறாக்கள், சதைப்பற்றான துடுப்பு கொண்ட மீன்கள் எல்லாம் ஒரே கடலில் இருந்தன. ஜெர்மனியில் 2007-ல் விவரிக்கப்பட்ட ஒரு கடல்தேளின் கொடுக்கை வைத்துக் கணக்கிட்டதில், அதன் உடல் நீளம் சுமார் 2.5 மீட்டர். ஒரு ஆளை விடப் பெரிய தேள்!

இந்த உயிர்களுக்கெல்லாம் வீடாக இருந்தவை பவளப்பாறைகள். ஆனால் இன்று நாம் பார்க்கும் பவளங்கள் அவற்றைக் கட்டவில்லை. 'ஸ்ட்ரோமட்டோபோராய்டு' என்ற ஒருவகைக் கடற்பஞ்சும், அழிந்துபோன பழைய பவள வகைகளும், பாசிகளும் சேர்ந்து கட்டியவை. அன்று இந்தியாவின் பக்கத்து வீடாக இருந்த ஆஸ்திரேலியாவில் இதற்கு அருமையான சாட்சி இருக்கிறது. அதன் வடமேற்கே கிம்பர்லி பகுதியில், டெவோனியன் பவளப்பாறை சுண்ணாம்பு மலைத்தொடராக நீண்டு கிடக்கிறது. கடல் வற்றிவிட்டது, பாறை மட்டும் அப்படியே நிற்கிறது.

அங்கே கோகோ என்ற இடத்தில் கிடைத்த ஒரு மீன் படிமம் 2008-ல் உலகச் செய்தியானது. சுமார் 38 கோடி ஆண்டுப் பழைய அந்தத் தாய் மீனின் வயிற்றில் ஒரு குட்டி இருந்தது, தொப்புள்கொடியோடு! மீன்கள் அப்போதே குட்டி போட்டிருக்கின்றன என்பதற்கு அது ஆதாரம்.

இன்னொரு ஆச்சரியம். பவளம் வளரும்போது தினமும் மெல்லிய கோடு ஒன்று விழும். மரத்தில் வருட வளையம் மாதிரி இது தினசரி வளையம். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் வெல்ஸ் டெவோனியன் பவளங்களில் இந்தக் கோடுகளை எண்ணி, 1963-ல் முடிவை வெளியிட்டார். வருடத்துக்குச் சுமார் 400 கோடுகள். அதாவது அன்றைக்கு வருடத்துக்கு 400 நாள்! ஒரு நாளுக்கு 22 மணி நேரம்தான். நிலவின் ஈர்ப்பால் உண்டாகும் ஓதம் பூமியின் சுழற்சிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக் போடுவதால்தான் நாள் நீண்டுகொண்டே போகிறது.

கரையில் முளைத்த முதல் காடு

சிலூரியன் காலத்தில் நிலத்தில் இருந்த செடிகள் விரல் நீளம்தான். இலை இல்லை, பூ இல்லை, சரியான வேர் கூட இல்லை. 'குக்சோனியா' என்ற செடி அவற்றில் பிரபலம். டெவோனியன் நடுவில் கதை மாறியது. செடிகள் மரமாயின. சுமார் 38.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காட்டின் வேர்த் தடங்கள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிடைத்திருக்கின்றன. வேர் பாறையை உடைத்தது, மண் உண்டானது, காற்றில் இருந்த கரியமில வாயு குறைந்தது.

அதே சமயம் ஆழமில்லாத ஓடைகளில் சில மீன்கள் துடுப்பை ஊன்றித் தலையைத் தூக்கப் பழகின. கனடாவின் வடகோடித் தீவு ஒன்றில் 2004-ல் கண்டெடுக்கப்பட்ட 'டிக்டாலிக்' அதற்குச் சான்று. வயது சுமார் 37.5 கோடி. செதில், செவுள் உண்டு, மீன்தான். ஆனால் கழுத்து இருந்தது, துடுப்புக்குள் மணிக்கட்டு மாதிரியான எலும்பு இருந்தது. போர்வெல் பைப்பைப் பிடிக்கும் நம் கையின் ஆரம்பகால வடிவம் அது.

எல்லாம் சரிந்த நேரம்

சுமார் 37.2 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் திணறியது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தது. அடுத்தடுத்து அலை அலையாக உயிரினங்கள் அழிந்தன. பூமி கண்ட ஐந்து பெரும் பேரழிவுகளில் இது ஒன்று. காரணமாகச் சொல்லப்படுபவை பல: எரிமலை வெடிப்புகள், தட்பவெப்ப மாற்றம், புதிதாக வந்த காடுகளின் வேர்கள் உடைத்த மண் சத்துகள் கடலில் அளவுக்கு மீறிக் கலந்தது. ஏரியில் உரமும் கழிவும் கலந்தால் பாசி மண்டி மீன் செத்து மிதக்குமே, அதுவே கடல் அளவில் நடந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

அதிகமாக அடிபட்டவை பவளப்பாறைகள். அதே அளவில் பெரிய பவளப்பாறைகள் மறுபடி எழ 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூட்டில் வெளுத்துப் போனதை நாம் பார்த்தோம். இரண்டும் ஒரே விஷயம் அல்ல. ஆனால் பவளப்பாறை ஒருமுறை மொத்தமாக விழுந்தால், மனிதக் கணக்கில் அது திரும்பவே திரும்பாது என்பதை டெவோனியன் காட்டுகிறது.

கடற்கரை மலை ஏறியது எப்படி?

கண்டங்கள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. சிலூரியன் காலத்தில் வட அமெரிக்காவின் பழைய நிலமும் வட ஐரோப்பாவும் மோதி, இடையில் இருந்த கடல் மூடிக்கொண்டது. ஸ்காட்லாந்து, நார்வே மலைகள் அந்த மோதலின் மிச்சம். பிறகு கோண்ட்வானாவும் நகர்ந்து அவற்றோடு சேர்ந்து, எல்லாக் கண்டமும் ஒன்றான 'பாஞ்சியா' உருவானது. அதுவும் பிற்பாடு உடைந்தது.

உடைந்த துண்டுகளில் ஒன்றான இந்தியா வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டியது. முட்டியதில் முன்பக்கக் கடலடி நொறுங்கி மடிந்து மேலே எழும்பியது. அதுதான் இமயமலை. பஸ் மோதினால் முன்பக்கம் நசுங்கும், நடுவில் உட்கார்ந்தவருக்குக் குலுக்கல் மட்டும்தான். ஸ்பிட்டி முன்பக்கம். பேரிகை நடு சீட்.

சரி, இதெல்லாம் பேரிகைக்கு எதுக்கு?

மூன்று விஷயத்துக்கு.

முதலாவது, தண்ணீர். படிவுப் பாறை இருந்தால் மணற்கல் அடுக்குகள் பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைக்கும். காவிரி டெல்டாவில் மணல் அடுக்குகள் அந்த வேலையைச் செய்கின்றன. பேரிகையில் அப்படி அடுக்கே சேரவில்லை. இருப்பது கெட்டிப் பாறை. அதில் மேலே உதிர்ந்த பகுதியிலும், உள்ளே இருக்கும் விரிசல்களிலும் மட்டும்தான் நீர் தங்கும். பக்கத்துத் தோட்டத்தில் 300 அடியில் தண்ணி, நம்ம தோட்டத்தில் ஆயிரம் அடி போட்டும் புழுதி என்பது இதனால்தான். விரிசல் கிடைத்தால் நீர், இல்லாவிட்டால் காசு போச்சு. இன்னும் ஆழமாகப் போனால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்பதற்கு இந்தப் பாறையில் உத்தரவாதம் கிடையாது. ஆழம் கூடக் கூட விரிசல்கள் பொதுவாகக் குறைந்துகொண்டே போகும். மழைநீரைப் பிடித்து மேல்பகுதியை நனைக்கும் ஏரிகளும் குட்டைகளும் இங்கே இவ்வளவு முக்கியமானதும் அதனால்தான். ரோஜாத் தோட்டமோ தக்காளியோ, எதுவானாலும் குடிப்பது அந்த மேல்பகுதி நீரைத்தான்.

இரண்டாவது, ஃப்ளோரைடு. இந்தப் பழைய பாறைகளின் சில தாதுக்களில் ஃப்ளோரைடு உண்டு. விரிசலில் நெடுநாள் தேங்கும் நீரில் அது கரைகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல் கறை, எலும்புப் பாதிப்பு பிரச்சினையின் வேர் இதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கு இதுவும் முக்கியக் காரணம். குழாய் நீர் வரும் ஊர்களில் குடிக்க போர்வெல் நீரைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, வாட்ஸ்அப். 'குவாரியில் செடி படிமம்', 'பாறைக்குள் மீன்' என்று போட்டோ வந்தால் ஃபார்வேர்டு செய்யும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். பாறை விரிசலில் கசியும் மாங்கனீசு தாது, பெரணி இலை மாதிரியே கருப்புக் கோடுகளாகப் படியும். பெயர் 'டெண்ட்ரைட்'. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது செடி இல்லை. 2020-ல் பெரம்பலூர் மாவட்டத்தில் கிடைத்த உருண்டைக் கற்கள் 'டைனோசர் முட்டை' என்று பரவி, பிறகு நிபுணர்கள் அவை முட்டை இல்லை, கடல் படிவில் உருவான கல் உருண்டைகள் என்று விளக்கியது நினைவிருக்கலாம். பெரம்பலூரிலாவது கடல் இருந்தது. பேரிகையின் நைஸ் பாறையில் மீன் இருக்க வழியே இல்லை.

காடும் மீனும் பவளமும் பூமியை மாற்றிய அந்த 8 கோடி ஆண்டுகளில் பேரிகையின் மண் தேய்ந்து தேய்ந்து வேறு எங்கோ போய்ச் சேர்ந்தது. மிஞ்சியது கெட்டிப் பாறையும் அதில் சில விரிசல்களும். அடுத்த முறை போர்வெல் வண்டி சாம்பல் பொடியைக் கக்கும்போது, அது 250 கோடி ஆண்டுப் பாறை என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். தண்ணீர் வருமா என்பதை அதில் இருக்கும் விரிசல்தான் சொல்லும்.